என் மகளுக்குப் படிக்க விருப்பமில்லையாம்

1

உங்களுக்குத் தமிழ் படிப்பிக்கும் றமீஸ் மாஸ்டரும் நானும் கிண்ணியாவில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவர் உயர்தரம் எடுத்து ஆசிரியர் ஆனார். நான் ஓ.எல் பரீட்சையோடு நின்றுவிட்டேன். இதை முதலே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இதை வாசிக்கும் பிள்ளைகளில் பலர் என்னைவிடக் கூடப் படித்தவர்கள். எழுத்தில் பிழை வந்தால் மாஸ்டர் திருத்துவார் என்ற துணிவில்தான் எழுதுகிறேன்.

போன கிழமை அவர் கூப்பிட்டார். பாடசாலையின் ஆண்டு நிறைவுக்கு ஒரு மலர் வெளியிடுகிறார்களாம். உயர்தர வகுப்பில் ஒரு விவாதம் வைத்தார்களாம்: பல்கலைக்கழகக் கல்வி இலவசமாக இருக்க வேண்டுமா, வேண்டாமா. இரண்டு பக்கமும் நன்றாகக் கதைத்தார்களாம். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று மலரில் சில பக்கங்கள் போடப் போகிறார்களாம். நான் பெட்டி தூக்கும் ஆள், எனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். அங்கே எப்படி என்று எழுதினால் போதும் என்றார்.

பிறகு குரலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இதைச் சொன்னார்:

“ஒண்ட மகள்ட கதையையும் எழுதன் மச்சான். பேர் போட வேணாம். எல்லா வசதியும் இருந்தும் படிக்க விருப்பமில்லாமப் போன பிள்ளைகளும் இருக்கு எண்டு எங்கட பிள்ளைகளுக்கும் தெரியட்டும்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரில் அப்படித்தான் கதை நடக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ஆகவே பிள்ளைகளே, இது என் மகளின் கதை. மாஸ்டர் கேட்ட கதை அல்ல, நடந்த கதை. அவள் பெயர் சப்னா. எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2

நாங்கள் இருப்பது லூட்டன் என்ற ஊரில். லண்டனில் இருந்து வடக்கே ரயிலில் சின்னப் பயணம். இங்கே ஒரு விமான நிலையம் இருக்கிறது. பயணிகளின் பெட்டிகளை விமானத்தின் வயிற்றுக்குள் ஏற்றுவதும் இறக்குவதும் என் வேலை. உள்ளே நிமிர்ந்து நிற்க ஏலாது. முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு, தவழ்ந்த மாதிரி நகர்ந்து அடுக்க வேண்டும். மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் பெட்டி வந்துகொண்டுதான் இருக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றக் குனிவதே பெரிய பாடு.

என் வாப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். இங்கே வந்த புதிதில் சப்னாவின் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஆசிரியை கேட்டார். துறைமுகத்தில் என்று சொல்லிவிட்டேன். வாயில் அந்தச் சொல்தான் வந்தது. லூட்டனில் கடல் இல்லை. ஆசிரியை என்னையும் பார்த்தார், என் மனைவி ஹாஜராவையும் பார்த்தார். அப்போது சப்னா சின்னப் பிள்ளை. வாப்பா விமான நிலையத்தில் வேலை செய்கிறார், ஊர் ஞாபகத்தில் சொல்லிவிட்டார் என்று அவளே ஆசிரியைக்கு விளக்கினாள்.

அன்று தொடங்கி எனக்காகக் கதைக்கும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். வைத்தியரிடம், வங்கியில், நகரசபையில், வீட்டுச் சொந்தக்காரரிடம் எல்லாம் அவள்தான் கதைத்தாள். தொலைபேசியில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காக்க வைப்பார்கள். அவள் வீட்டுப் பாடத்தைச் செய்துகொண்டே காதில் போனை வைத்துக் காத்திருப்பாள். ஆள் வந்ததும் பெரிய மனிசி மாதிரி கதைக்கத் தொடங்குவாள்.

இங்கே வரும் தாய் தகப்பன் எல்லோருக்கும் ஒரே பயம்தான். பிள்ளைகள் கையை விட்டுப் போய்விடுவார்கள் என்று. சப்னாவுக்கு இளையவன், எங்கள் மகன், இப்போதே கதவுக்குப் பின்னால் நின்று ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறான். சப்னா விஷயத்தில் நாங்கள் காவல் நின்ற பக்கம் வேறு, அவள் போன பக்கம் வேறு. பள்ளிவாசலில் சனிக்கிழமை வகுப்புக்குப் போனாள். இனிப்பு வாங்கினால் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, கூடாதது ஏதும் இருக்கிறதா என்று அதில் சேர்த்திருக்கும் சாமான்களின் பெயர்களை வாசித்துப் பார்ப்பாள். நாங்கள் ஊரில் யோசிக்காமல் செய்து வந்த பல காரியங்களுக்கு இவள் காரணம் கேட்டாள். மார்க்கத்தில் எங்களைவிட இறுக்கமாக வருவாள் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை. அதற்கு எப்படி ஏசுவது? ஹாஜரா ஒரு நாள் சொன்னாள், ஏசுவதற்கு ஒரு பிழையாவது செய்தால் நல்லாயிருக்கும் என்று.

3

இனி எனக்கு முன்னால் பிறந்த என் ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் சிலரின் தாய்மாருக்கு அவதான் கணிதம் படிப்பித்தவ. இப்போது ஓய்வில் இருக்கிறா. மச்சான், அவவின் கணவர், மவுத்தாகிப் பல வருடம், பிள்ளைகள் இல்லை.

ராத்தாவுக்குக் கண்டிப் பக்கம் பல்கலைக்கழகம் கிடைத்தபோது நான் சின்னப் பெடியன். எங்கள் தெருவில் இருந்து முதலில் போன பெண்பிள்ளை அவதான். நீங்கள் பாலம் வந்த பிறகு பிறந்தவர்கள். அப்போது கிண்ணியாவில் இருந்து மறுகரைக்குப் போக ஒரு பாதை இருந்தது. பாதை என்றால் றோட்டு இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் தட்டையான படகு. அதில் ராத்தா ஒரு தகரப் பெட்டியோடும் சுருட்டிக் கட்டிய பாயோடும் ஏறினா. வாப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. பெட்டியைத் தானே தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் அன்று எல்லாம் கதைத்தார்கள். மூத்த மாணவர்களின் பகிடிவதை எப்படியிருக்கும், விடுதியில் சாப்பாடு ஹலாலாக இருக்குமா, குளிருக்கு என்ன உடுப்பது, தனிய ஒரு குமர்ப்பிள்ளையை அனுப்பலாமா என்று பெரியவர்கள் நாள்கணக்கில் கதைத்தார்கள். கட்டணம் என்ற பேச்சே வரவில்லை. இலவசம் என்ற பேச்சும் வரவில்லை. அது இலவசம் என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை. பிள்ளை பரீட்சையில் நன்றாகச் செய்தாள், அதனால் போகிறாள். அவ்வளவுதான்.

அந்தப் படிப்பு சுகமாக நடக்கவுமில்லை. வேலைநிறுத்தம், சண்டை, மூடல், திறப்பு. வகுப்பு தொடங்கிவிட்டது என்று போவா, இரண்டு கிழமையில் அதே தகரப் பெட்டியோடு திரும்பி வருவா. நாலு வருடப் படிப்பு இழுபட்டு இழுபட்டு முடிந்தது. வாப்பா ஒரு தடவை பகிடியாகச் சொன்னார், பிள்ளையைவிடப் பெட்டிதான் கூடப் படித்திருக்கும் என்று. ஆனால் முடித்துக்கொண்டு வந்தா. வந்து நம் ஊரிலேயே படிப்பித்தா. சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தோப்பூரில் கொஞ்சம் வயல் வாங்கினா. அந்த வயல் அவவுக்குப் பிள்ளை மாதிரி. இப்போதும் போனில் சுகம் கேட்டால் முதலில் வயலின் சுகத்தைத்தான் சொல்லுவா.

4

சப்னா மருந்தாளர் ஆகப் படிக்க விரும்பினாள். மருந்துச் சீட்டுப் பார்த்து மருந்து கொடுப்பவர்கள் இங்கே பெரிய படிப்புப் படிக்க வேண்டும். நல்ல பெறுபேறு வந்தது. வீட்டில் இருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம் இடமும் தந்தது. ஹாஜரா வட்டிலப்பம் செய்து அயலில் இருந்த ஆட்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

இங்கே கட்டணம் உண்டு. என் போன்ற ஆள் ஒரு வருடம் உழைத்து, சாப்பிடாமல் வாடகை கொடுக்காமல் வைத்திருந்தாலும் அதில் பாதிக்குக் கிட்ட ஒரு வருடக் கட்டணத்துக்கே போய்விடும். ஆனால் யாரும் கையில் கட்டுவதில்லை. அரசாங்கம் கடனாகக் கட்டிவிடும். படித்து முடித்து, சம்பளம் ஒரு அளவுக்கு மேலே போன பிறகு, மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள். எங்களுக்குத் தெரிந்த எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் படிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் என்று இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கணினிக்கு முன்னால் நானும் சப்னாவும் இருந்தோம். என் சம்பளம், ஹாஜராவின் சம்பளம், இந்த நாட்டுக்கு எப்போது வந்தோம், எந்த வீட்டில் எவ்வளவு காலம் இருந்தோம், எல்லாம் கேட்டது. நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். கடவுச்சொல்லை இரண்டு தடவை மறந்தோம். எல்லாம் முடிந்து ஒப்புக்கொள்ளும் இடம் வந்தபோது அவள் நின்றுவிட்டாள். அதில் எழுதியிருந்ததை மனதுக்குள் வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள்.

“வாப்பா, இதுல றிபா இருக்கு.”

வட்டி என்ற தமிழ்ச் சொல் அவளுக்கு அப்போது தெரியாது. மார்க்க வகுப்பில் படித்த அரபுச் சொல்தான் தெரியும். கடன் எடுத்த நாள் தொடங்கி வட்டி ஏறுகிறது என்று எனக்கு வாசித்து விளக்கினாள். கணினியை மூடிவிட்டு எழும்பிப் போனாள். கோபம் எதுவும் இல்லை. பசி இல்லை என்று எழும்பிப் போகும் பிள்ளை மாதிரிப் போனாள்.

ஹாஜராதான் முதலில் சண்டை பிடித்தாள். அவள் ஒரு பள்ளிக்கூடக் குசினியில் சமையல் வேலை செய்கிறாள். வேலையால் வந்த களைப்போடு கேட்டாள்:

“என்ட மாலைய வங்கியில அடகு வெச்சுத்தானே ஒண்ட வாப்பா விமானம் ஏறினது. அதுக்கு நாங்க வட்டி கட்டல்லையா? அந்தக் காசுலதானே நீ இங்க இருக்கிற?”

“அதை நான் குறை சொல்லல்ல உம்மா. உங்களுக்கு வேற வழி இருக்கல்ல. ஆனா நான் தெரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போட ஏலா.”

ஹாஜரா குசினிக்குள் போய்விட்டாள். சட்டிகள்தான் கதைத்தன.

நான் சப்னாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். அங்குள்ள மௌலவி நல்ல மனிதர். இதை அரசாங்கம் எடுக்கும் வரி மாதிரி எண்ணலாம், நிர்ப்பந்தம் என்றால் அனுமதி உண்டு என்று பொறுமையாகச் சொன்னார். வேறு மௌலவிமார் கூடாது என்று சொல்வதும் உண்டு என்பதையும் அவரே மறைக்காமல் சொன்னார். சப்னா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சொன்னாள், “எனக்கு நிர்ப்பந்தம் இல்ல மௌலவி. படிக்காட்டி நான் செத்துப் போக மாட்டேன்.” அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வட்டி இல்லாத ஒரு முறையைக் கொண்டு வரப்போவதாக இங்கே அரசாங்கம் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் சொன்னது. இன்னும் வரவில்லை. வந்தால் அவளுடைய பிள்ளைகளுக்கு உதவும்.

5

இதற்கு மற்றப் பக்கமும் இருக்கிறது. உங்கள் விவாதத்தில் அந்தப் பக்கம் நின்ற பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

என்னோடு பெட்டி தூக்கும் டேவ் என்பவர் இந்த நாட்டு வெள்ளைக்காரர். பதினாறு வயதில் பள்ளியை விட்டவர். ஓய்வு நேரத்தில் நான் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் தேநீரைக் குடித்துக்கொண்டே கேட்டார், நானும் நீயும் முதுகு முறியக் கட்டும் வரியில் எதற்கு ஒரு சட்டத்தரணியின் மகன் இலவசமாகப் படிக்க வேண்டும், படித்து முடித்து அவன் எங்களைவிடப் பத்து மடங்கு உழைப்பான், அவனே கட்டட்டும் என்று. நியாயமான கேள்விதான். உங்கள் முழங்காலுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்தார்களே, அதற்குக் காசு கட்டினீர்களா என்று கேட்டேன். அது வேறு என்றார். எப்படி வேறு என்று கேட்பதற்குள் விமானம் வந்துவிட்டது.

இதே நாட்டின் வடக்கில் ஸ்கொட்லாந்து இருக்கிறது. அங்கே இருக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஒரே ராசா, ஒரே காசு, ரயிலில் ஏறினால் போய்விடலாம். நாங்கள் அங்கே குடிபோனால் என்ன என்று சப்னா ஒரு நாள் கேட்டாள். அரைப் பகிடி, அரை உண்மை. நான் உண்மையாகவே எடுத்து, அங்கே விமான நிலையத்தில் வேலை இருக்கிறதா என்றுகூட விசாரித்தேன். படிப்புக்காக என்று குடிபோனால் ஏற்றுக்கொள்ள மாட்டார்களாம். எனக்கு நம் நாட்டில் பல்கலைக்கழகத்துக்கு எடுக்க மாவட்டத்துக்கு மாவட்டம் வேறாக வைக்கும் வெட்டுப்புள்ளி ஞாபகம் வந்தது. குறைந்த புள்ளி எடுக்கும் மாவட்டத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆட்கள், அதைக் கண்டுபிடிக்கும் அதிகாரிகள். எங்கே போனாலும் பிள்ளை எந்தக் கோட்டுக்குள் நிற்கிறது என்றுதான் பார்க்கிறார்கள்.

6

ராத்தாவுக்கு நாங்கள் எதையும் சொல்லவில்லை. ஹாஜரா தன் தங்கச்சிக்குச் சொல்லியிருக்கிறாள், அது கிண்ணியா முழுவதும் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

பல்கலைக்கழகத்துக்கு முடிவு சொல்ல வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து நான் இருந்தபோது ராத்தா வீடியோவில் கூப்பிட்டா. முகம் நல்ல வெளிச்சமாக இருந்தது. பிள்ளை ஏன் கடன் எடுக்கவில்லை என்பது அவவுக்குத் தெரியும், அதில் அவவுக்குப் பெருமைகூட. கவலைப்பட வேண்டாம் என்றா. தோப்பூர் வயலுக்கு ஆள் பார்த்துவிட்டாவாம். விலையும் பேசியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முற்பணத்தோடு வருகிறார்களாம். ஓய்வு பெற்றபோது கிடைத்த காசும் வங்கியில் கிடக்கிறதாம். இரண்டையும் சேர்த்து அனுப்புகிறேன், படிப்பு முழுக்கக் காணும் என்றா.

பிள்ளைகளே, அவ சொன்னது அங்கே பெரிய தொகை. ஒரு ஆசிரியை வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது. நான் மனதில் அதை இந்த நாட்டுக் காசான பவுணுக்கு மாற்றிப் பார்த்தேன். ஒரு வருடக் கட்டணத்துக்குச் சரிவரலாம், அதற்கும் போதாமல் போகலாம். கணிதம் படிப்பித்த ராத்தா இந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. வெளிநாட்டில் இருந்து ஊருக்குக் காசு வந்துதான் நாம் பார்த்திருக்கிறோம். ஊரில் இருந்து இங்கே அனுப்பினால் அது என்ன ஆகும் என்று யாருக்கும் யோசித்துப் பழக்கமில்லை.

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவ விடவில்லை. போனைப் பிள்ளையிடம் கொடு என்றா.

“இதைக் கடன் எண்டு நினைச்சா குர்ஆன்ல சொல்ற அழகிய கடன் எண்டு நினை புள்ள. வட்டியும் இல்ல, எனக்குத் திருப்பித் தரவும் வேணாம். உனக்குப் பிறகு வாற ஒரு பிள்ளைக்குக் குடு. வரி கட்டி என்னைப் படிப்பிச்ச சனத்த நான் கண்டனா? தேயிலை பறிச்ச ஆக்கள், மீன் புடிச்ச ஆக்கள், ஆரெண்டே தெரியாது. அவங்களுக்குத் திருப்பிக் குடுக்க ஏலாமத்தானே நான் ஊர்ல படிப்பிச்சன்.”

சப்னா என்ன யோசித்தாள் என்று எனக்குத் தெரியும். வயல் போய்விடும். காசு ஒரு வருடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகும் கடன் எடுக்க வேண்டி வரும், அல்லது நிற்க வேண்டி வரும். வேண்டாம் என்று சொன்னால் மாமி கேட்கப் போவதில்லை.

“மாமி, அதுக்கில்ல. எனக்கு இப்ப படிக்க விருப்பமில்ல.”

“என்ன சொல்ற புள்ள?”

“உண்மையா மாமி. எனக்கு அலுத்துப் போச்சு. வேலைக்குப் போகப் போறேன். வட்டி எண்டு சும்மா வீட்டுல ஒரு காரணம் சொன்னனான்.”

ராத்தாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. சரி புள்ள என்றா. பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு வசனம்தான் சொன்னா: “எல்லாம் கைக்கு எட்டின தூரத்துல கிடைச்சா இப்படித்தான்.” அதோடு வைத்துவிட்டா.

சப்னா போய் முகம் கை கால் கழுவி ஒளு எடுத்துக்கொண்டு வந்தாள். தொழுகைக்கு நிற்கப் போனவளை மறித்து, ஏன் மகள் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

“உண்மையச் சொன்னா மாமி வயல வித்திருப்பா வாப்பா.”

“பொய் பாவமில்லையா?”

“பாவம்தான். அதுக்கு நான் அல்லாஹ்ட்ட தௌபா கேப்பன். அந்தக் கடன எடுத்தா முப்பது நாப்பது வருசத்துக்கு ஒவ்வொரு மாசமும் பாவம் செய்யணும். இது ஒருக்கா மட்டும்தான்.”

அவள் தொழ நின்றாள். நெற்றியைத் தரையில் வைத்து வழக்கத்தைவிடக் கனநேரம் சுஜூதில் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்த ஆட்களை ராத்தா திருப்பி அனுப்பிவிட்டா என்று பிறகு கேள்விப்பட்டோம்.

7

சப்னா பல்கலைக்கழகம் தந்த இடத்தை விட்டுவிட்டாள். இப்போது பெரிய தெருவில் ஒரு மருந்துக் கடையில் முன்னால் நிற்கும் வேலை. சீட்டை வாங்கி உள்ளே கொடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் மருந்தாளர் தரும் பையை ஆட்களிடம் கொடுக்க வேண்டும். நிறையப் பேர் வயதானவர்கள். எங்கள் பக்கத்து மொழிகள் கதைக்கும் ஆட்களும் வருவார்கள். எனக்காகக் கதைத்துப் பழகிய பழக்கம் அங்கே உதவுகிறதாம். சம்பளத்தை அப்படியே வைக்கிறாள். நானும் கிடைக்கிற மேலதிக வேலையை விடுவதில்லை. முதல் வருடக் கட்டணத்தைக் கையால் கட்டக் காசு சேர்ந்துவிட்டால் திரும்ப விண்ணப்பிக்கலாம். இரண்டாவது வருடத்துக்கு என்ன செய்வது என்று நாங்கள் கதைப்பதில்லை.

அது ஒருக்கா மட்டும்தான் என்று அவள் சொன்னது சரி. ஆனால் ஊரில் அந்தப் பொய் அதோடு நிற்கவில்லை. ஒருவர் வாயில் இருந்து ஒருவர் வாய்க்குப் போய், வசதி கூடிப் படிப்பை விட்ட பிள்ளை என்ற பெயரோடு றமீஸ் மாஸ்டரின் மலர் வரைக்கும் வந்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முதல் ஹாஜராவின் தங்கச்சியிடம் விசாரித்தேன். ராத்தாவின் வயலில் இந்தப் போகத்துக்கு விதைத்தாகிவிட்டதாம். பயிர் நிற்கும் வயலை யாரும் விற்கமாட்டார்கள். இனிச் சொல்லலாம்.

உங்கள் விவாதத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் இலவசம் என்றால் எல்லோருக்கும் இலவசம் என்று நான் சொல்ல வரவில்லை. றமீஸ் மாஸ்டரின் மகன் வெட்டுப்புள்ளியில் மயிரிழையில் தவறியவன். இப்போது கொழும்பில் காசு கட்டிப் படிக்கிறான். கதவு இலவசம்தான், ஆனால் வாசல் ஒரு ஆள் போகிற அகலம் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்த வாசலுக்கு வரவே எத்தனை வருட டியூஷன் காசு என்று உங்கள் வாப்பாமாருக்குத் தெரியும். உள்ளே போன சிலர் முடித்த கையோடு விமானம் ஏறுகிறார்கள். அவர்களின் பெட்டியை ஏற்றி இறக்கியவன் என்ற முறையில் எனக்கு அதுவும் தெரியும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டும் சொல்கிறேன், இலவசமாகத்தான் இருக்க வேண்டும். வாசலை அகலமாக்கக் கேளுங்கள். வாசலில் உண்டியல் வைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். டேவ் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் சரியான பதில் இல்லை. சட்டத்தரணியின் மகன் கட்டணத்தையும் கட்டிவிடுவான், வட்டியையும் கட்டிவிடுவான். எங்கள் போன்ற வீட்டில் அது வரும்போது யாரோ ஒருவர் எதையோ விட வேண்டி வருகிறது. ஒருத்தி வயலை விடப் போனாள். ஒருத்தி படிப்பை விட்டாள். பதினெட்டு வயதுப் பிள்ளை தன் மாமியின் முகத்தைப் பார்த்து எனக்குப் படிக்க விருப்பமில்லை என்று சொல்ல வேண்டிய நிலை எந்த வீட்டுக்கும் வரக்கூடாது. இதைவிடப் பெரிய காரணம் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை.

இதுவரைக்கும் எழுதியதை நேற்றுச் சாப்பாட்டுக்குப் பிறகு சப்னாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் கேட்க வரும், வாசிக்கக் கஷ்டம். கடைசி வரை கேட்டாள். எதையும் மாற்றச் சொல்லவில்லை. மலர் எப்போது வெளிவரும் என்று மட்டும் கேட்டாள். அடுத்த மாதம் என்றேன்.

“அப்ப மாமிக்கு நான் முதல்ல சொல்லணும் வாப்பா. புத்தகத்துல பாத்துத் தெரிஞ்சா அவ தாங்க மாட்டா.”

போனை எடுத்துக்கொண்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹாஜரா குசினியில் குழாயை நிறுத்திவிட்டு நின்றாள். மேலே சப்னா கதைப்பது கேட்டது, சொற்கள் விளங்கவில்லை. தமிழ்தான் என்பது மட்டும் தெரிந்தது. பிறகு கனநேரம் சத்தமே இல்லை. ராத்தா கதைத்துக்கொண்டிருக்கிறா, இவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தோம்.

இறங்கி வந்தபோது சப்னாவின் கண் சிவந்திருந்தது, வாய் சிரித்தது. மாமி என்ன சொன்னா என்று ஹாஜரா கேட்டாள்.

“மூணு மாசமா உனக்கு ஏசிக்கிட்டு இருந்தனே, அந்த ஏச்சையெல்லாம் நான் இப்ப எங்க கொண்டுபோய் வைக்க எண்டு கேட்டா.”

“வேற?”

“வேற ஒண்டும் இல்ல உம்மா. வெள்ளாமை வெட்டி முடியட்டும், பிறகு கதைப்பம் எண்டு சொல்லிட்டு வெச்சிட்டா.”

ஹாஜரா என்னைப் பார்த்தாள். வெட்டி முடிந்த வயலை விற்கலாம்; அங்கே வெள்ளாமை வெட்ட இன்னும் சில மாதம் இருக்கிறது. நான் எழும்பிப் போய், அடுத்த கிழமை மேலதிக வேலைக்கு ஆள் தேடுகிறார்களா என்று டேவுக்குச் செய்தி அனுப்பினேன்.